டேங்குக்கும் ஒரு பாட்டில்

வால்தோ,

வேர்க்கடலை சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி. நின்றுபோன உன் வண்டியைப் பார்க்க ஐந்து மணிக்கு மெக்கானிக் க்ளெட்டோ வருவார். டேங்கை இறக்கிக் கழுவினால் ஓடுமாம். சாவி ரேடியோ மேல்.

நான் பெட்ரோல் பங்குக்குப் போகிறேன், அங்கே பெட்ரோல் போடும் ஹசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்க. டேங்கிலிருந்து பிடித்த ஜாடியை நீட்டி, "தண்ணிய கலந்து வித்துட்டு சிரிக்க வேற செய்றியா?" என்று நேற்று வரிசையே பார்க்க அவளைக் காய்ச்சி எடுத்தாயே!

"அடியில நிக்கறத பாருங்கண்ணே, தண்ணி மஞ்சளாவா இருக்கும்?" என்றாள். சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அது பியர். கார்னிவல் செவ்வாயன்று பூமித்தாயிடம் வண்டிக்கு ஆசி கேட்டுப் பியர் தெளித்தோமே, நீ சக்கரங்களை நனைத்துக்கொண்டே, "கஞ்சத்தனம் பண்ணாம ஊத்துடி" என்றாய். பின்பக்கம் போய் டேங்குக்கும் ஒரு பாட்டில் ஊற்றினேன்.

சூப்பில் உப்புப் போடவில்லை.

இன்னொன்று. ஊற்றும்போது, இந்த வண்டி உன்னை அவ்வளவு தூரத்துச் சாந்தா குரூஸ் நகர வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இனி அப்படி வேண்ட மாட்டேன். சரியானதும் கிளம்பு. டிக்கியைத் திறந்ததும் திடுக்கிடாதே, அது என் பெட்டிதான்.

நெலீதா