முள்மானியைப் படிக்க ஓர் ஆள்

ஜூன் 4, ஞாயிறு. இன்யாம்பானே.

அடெரிட்டோ க்வாம்பே ஆகிய நான், மாவட்ட நீதிபதி, வயது ஐம்பது, கடலில் மூழ்குவோர் அணியும், காற்றளவையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றை முறையாக ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் பொருட்டு இக்குறிப்பைத் தொடங்குகிறேன். காரணம்: முதுகிலுள்ள காற்றுச் சிலிண்டரிலிருந்து குழாயில் தொங்கி, மீதிக் காற்றைக் காட்டும் முள்மானியை இப்போது என் கண்ணால் படிக்க இயலவில்லை. இன்றும் கடலடியில், மூழ்கும்போது எனக்குத் துணையாக வரும் இணை ஜைதாதான் அருகே நீந்தி வந்து, என் கையைப் பற்றிக்கொண்டு, மானியைத் திருப்பிப் பார்த்து, மீதியை விரல்களால் காட்டினார். தன் காற்றைத் தானே படிக்க வேண்டும் என்பது முதல் விதி. மீறிக்கொண்டிருக்கிறேன்.

படகில் அவர் சிரித்தார்: "கனம் நீதிபதியே, ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதுறீங்க, ஒரு முள்ளு தெரியலையே!" பள்ளியில் கணக்கு கற்பிப்பவர், எவரையும் விடமாட்டார்.

ஜூன் 9.

நீதிமன்ற எழுத்தர் வீட்டுத் திருமணத்திற்குப் போகவில்லை. மணமகளின் மாமன் வழக்கு என் முன் உள்ளது. இவ்வூரில் எந்த வீட்டில் உண்டாலும், நாளை அவ்வீட்டார் என் கூண்டில் நிற்கக்கூடும். வறுத்த மீன், சோறு. தனியே.

தண்ணீருக்கடியில் எவரும் வழக்குப் பேச முடியாது.

ஜூன் 17, சனி.

மூழ்குவதற்கான பொருள்கள் விற்கும் ஒலிவியோவின் கடையில் இரண்டு கருவிகள். இரண்டுமே மணிக்கட்டில் கட்டுபவை. சிலிண்டரில் பொருத்திய டிரான்ஸ்மிட்டரிலிருந்து அளவைப் பெறுபவை. எண்கள் பெரியவை. விலை கூடியது இணையின் சிலிண்டரையும் சேர்த்துக் காட்டுமாம்.

"ரெண்டு பேர் காத்தும் ஒரே கையில, ஐயா. யாரும் யாரையும் கேக்கவே வேண்டாம்," என்றார் ஒலிவியோ.

உடன் வந்திருந்த ஜைதா முகம் சுளித்தார். "என் மூச்சை எதுக்கு இவரு கையில கட்டிக்கணும்? கேட்டா சொல்ல மாட்டேனா?"

நியாயமான வாதம். என் காற்றை மட்டும் காட்டுவதை வாங்கினேன். முள்மானியைக் கழற்றிவிட்டார்கள்.

ஜூன் 25, ஞாயிறு.

கருவியில் குறையேதும் இல்லை. ஆழம், அழுத்தம், எஞ்சிய நிமிடங்கள், அனைத்தும் தெளிவு. ஜைதா தூரத்திலிருந்து பார்த்தார். நான் மணிக்கட்டைக் காட்டி எல்லாம் சரி என்று சைகை செய்தேன். தலையசைத்துவிட்டுப் பாறை ஓரமாகப் போய்விட்டார். பிறகு நெருங்கி வரவேயில்லை. எங்கோ திமிங்கிலம் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. கேட்டீர்களா என்று எவரிடம் கேட்பது?

படகில் சொன்னார்: "இனிமே நான் எதுக்கு உங்களுக்கு? அடுத்த வாரத்துலேர்ந்து டைவ் பண்ண வந்திருக்கற அந்த ஜெர்மன்காரங்களோட போலாம்னு இருக்கேன். துணைக்கு ஆள் கேக்கறாங்க."

நான் சொன்னது: "கருவி மிகத் துல்லியமாக இருக்கிறது."

ஏன்டா அப்படிச் சொன்னே? வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?

ஜூன் 28.

இவ்வாரம் இதுவரை எவரும் என் கையைத் தொடவில்லை. நீதிமன்றத்தில் தொடவும் கூடாது.

ஜூலை 1, சனி.

கையேட்டை முழுவதும் படித்தேன். டிரான்ஸ்மிட்டரின் தொடர்பு நீருக்கடியில் அறுபடக்கூடும். ஆகவே முள்மானி ஒன்றையும் உடன் வைத்திருப்பது நலம் என்றிருக்கிறது. மாலையே ஒலிவியோவிடம் சென்று பழையதைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். "இதைத்தான் படிக்க முடியலைன்னீங்களே, ஐயா?" என்றார். விதி என்றேன்.

நாளை, படகைத் தள்ளுவதற்கு முன், ஜைதாவிடம் சென்று இவ்வாறு கூறுவேன்: என்னிடம் மீண்டும் ஒரு முள்மானி இருக்கிறது. அதை என்னால் படிக்க முடியாது. தாங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

கருவியை மூழ்கும் உடையின் கைப்பகுதிக்குள் மறைத்துக் கட்டிக்கொள்வேன்.