கறிவேப்பிலைக்குப் போட்ட யூரியா

சரோஜினி நகர்,
புது தில்லி.
19-2-1984, ஞாயிறு

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு அம்மாவின் அநேக ஆசிகள். இங்கே நான் சௌக்கியம். அந்தக் கனடாப் பனியில் நீயும் உன் பைன் மரங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது, பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. புரொபசர் இன்னும் இரண்டு வருஷம் இருந்து வேலையை முடிக்கச் சொல்கிறார், ஆனால் நீ தனியாக இருக்கிறாய் அம்மா, வா என்று ஒரு வார்த்தை எழுது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதியதும் கை நின்றுவிட்டது, மடித்து வைத்துவிட்டேன். மாடி வீட்டு ராஜகோபாலன் மாமாவிடம் உன் படிப்பைப் பற்றிச் சொன்னேன், ஒரு மரத்துக்கு நிறையத் தழைச்சத்து, இன்னொன்றுக்குக் கொஞ்சம், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை, எது எப்படி வளர்கிறது என்று பார்க்கிறாள் என்று. மரத்துக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கறதுக்கா கனடா வரைக்கும் போனா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

நம் கொல்லைக் கறிவேப்பிலை மரம் போய்விட்டது ஜலஜா. உனக்கு எப்படி எழுதுவது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அப்பா கரோல்பாக்கிலிருந்து டால்டா டப்பாவில் கொண்டுவந்து வைத்தது. அவர் போன பிறகு நான் ஆபீஸ் போவேன், வருவேன், யார் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை, அது உனக்கே தெரியும். நல்ல நாளும் கிழமையுமாக இருக்கிற வீட்டில் நான் போய் நிற்பானேன் என்று ஒரு எண்ணம், நீ எத்தனை சண்டை போட்டும் அது போகவில்லை. ஆனால் இலைக்காக நாலு பேர் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். நேதாஜி நகர் காமாக்ஷி ஒரு ஞாயிறு கூடத் தவற மாட்டாள், மாமி ஒரு கொத்து கறிவேப்பிலை என்று கொல்லைக் கதவைத் தட்டுவாள், இலையைக் கிள்ளிக்கொண்டே ஐந்து நிமிஷம் பேசுவாள். வாரம் முழுவதும் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வருஷா வருஷம் குளிர் வந்தால் மரம் இலையைக் கொட்டிவிடும், அவர்கள் வருவதும் குறையும் என்று எனக்கு ஒரு பயம். போன வருஷம் இந்தக் குளிரிலும் இலை இருக்கட்டும் என்று யூரியா வாங்கி வைத்தேன். உனக்கு எழுதிக் கேட்டேன். மழைக்காலம் முடிந்த பிறகு போடாதே அம்மா, பசியோடு இருக்கிற மரம் குளிருக்கு முன்னால் வளர்வதை நிறுத்திக்கொண்டு கிளையை முற்றவைத்துக்கொள்ளும், நிறையத் தின்ற மரம் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும், குளிர் வந்து முதலில் அந்தத் தளிரைத்தான் பிடிக்கும் என்று பதில் போட்டாய். கனடா பைனுக்குச் சரி, சரோஜினி நகர் கறிவேப்பிலையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துப் போட்டேன், ஒரு தடவை போதாதென்று மறுபடியும் போட்டேன். நீ பார்த்திருக்க வேண்டும், டிசம்பரில் அப்படி ஒரு பச்சை! ஒவ்வொரு இலையும் வேப்பிலை அளவுக்கு. எனக்கு ஒரே கர்வம். வந்தவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்தேன். ஜனவரியில் ஒரு வாரம் மூடுபனி இறங்கியது, ஒரு காலை கதவைத் திறந்தால் வெந்நீரை ஊற்றியது போல அத்தனையும் கறுத்துத் தொங்குகிறது. கிளையைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளேயும் பச்சை இல்லை.

காமாக்ஷி வந்து பார்த்தாள். அடடா மாமி, போயிடுத்தே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொல்லைக் கதவு தட்டப்படாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு டிவியில் ஹிந்திப் படம் ஓடும், அதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில்தான் உனக்கு வா என்று எழுத உட்கார்ந்தது.

போன ஞாயிறு ரசம் வைத்தேன். தாளிக்க ஒரு இலை இல்லை. என்ன தோன்றியதோ, அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி நேதாஜி நகருக்கு நடந்தேன். காமாக்ஷி கரோல்பாக் தமிழ்க் கடைகளுக்குப் போகிறவள், அவளிடம் கொஞ்சம் இருந்தால் கேட்கலாம் என்று மனசுக்கு ஒரு சாக்கு. அவள் வாசலில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன். கதவைத் திறந்தவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பின்பக்கம் போனால் சுவரோரம் ஒரு கறிவேப்பிலை நிற்கிறது! என் இடுப்புக்கு மேல் உயரம். நம் மரம் எந்த உரமும் இல்லாமல் கிடந்த வருஷம் பூத்துப் பழுத்ததே, அப்போது கீழே முளைத்த கன்றை எடுத்துக்கொண்டு போனாளே, அதுதான். முதல் குளிரிலேயே குச்சியாகிவிட்டது மாமி என்று என்னிடம் சொன்னாள், நானும் அது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கல்லும் சிமெண்டுமாகக் கிடக்கிற மண், ஒரு பிடி எரு போட்டதில்லையாம். சின்னச் சின்ன இலை, பாதி கொட்டியும் இருந்தது, ஆனால் குச்சியெல்லாம் உயிரோடு இருக்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தன் வீட்டில் இலையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் என்னிடம் வந்து ஒரு கொத்து கேட்டிருக்கிறாள். அவளாகவே, இலை இல்லேன்னு ஆனப்புறம் எதைச் சொல்லிண்டு வரது மாமி, பரிதாபப்பட்டு வரான்னு நினைச்சுண்டுட்டேள்னா என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி குடித்தேன். ஒரு மணி நேரம் இருந்தேன். இலை வாங்கிக்கொள்ள மறந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ரசத்தைத் தாளிக்காமலே சாப்பிட்டேன்.

இப்போது உனக்குப் பதில். இரண்டு வருஷம் இரு. மரங்களைப் பார்த்து முடித்துவிட்டு வா. காமாக்ஷி சாக்கு வைத்துக்கொண்டு வந்தது போதும், நான் தனி என்று நீயும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வர வேண்டாம். ஞாயிறு ஒரு மணி நேரம் போனால் மீதி நாளெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் வா என்று எழுத மாட்டேன். இன்று சாயங்காலம் நேதாஜி நகருக்கு மறுபடியும் போகப் போகிறேன், எதையும் கேட்பதற்காக இல்லை, சும்மா. நம் மரத்தை அடியோடு வெட்டலாமா, வேரிலிருந்து துளிர்க்குமா என்று உன் புரொபசரைக் கேட்டு எழுது. இந்தத் தடவை நீ சொல்கிறபடி கேட்கிறேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலை மும்முரத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதே. எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து, நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அனந்தலக்ஷ்மி

பி.கு.: முதல் வரியில் சௌக்கியம் என்று எழுதியது வழக்கத்துக்காக. நீ நடுவில் இருப்பதைப் படி. படித்துவிட்டு, டிக்கெட் எடுக்காதே.