கடைசி ஜெட் போகிற வரை

14 மார்ச் 2022

மைனஸ் முப்பத்தொன்று. என்னோடு வேலை பார்த்த மெக்கானிக் கார்லுக்கு இன்றோடு ஓய்வு. கேக் வெட்டினோம். பாதிக்கு மேல் சாமான் ஏற்றுகிற ஆட்கள் தின்றுவிட்டார்கள்.

இனி கனடாவின் வடக்கே இந்த யெல்லோநைஃபில், பழைய ஜெட் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட உரிமம் உள்ளவன் நான் ஒருவன்தான். மூன்று ஜெட் வைத்திருந்தோம். ஒன்றைத் தென் அமெரிக்காவில் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று ஹாங்கருக்குப் பின்னால் பனியில் நிற்கிறது, வேண்டியபோதெல்லாம் அதிலிருந்து பாகம் கழற்றிக்கொள்கிறோம். மூன்றாவது மட்டும் பறக்கிறது. நாற்பத்து மூன்று வயது. முன்னால் ஆட்கள் பின்னால் சாமான்கள் என்று ஏற்றிக்கொண்டு, வடக்கே சரளைக்கல் ஓடுதளத்தில் இறங்குகிற ஜெட் எங்களிடம் அது ஒன்றுதான்.

"அக்டோபர்ல அத வித்துடுவோம், ஒரெஸ்ட். அதோட உங்களுக்கும் விடுதலை," என்றாள் டார்லீன். பராமரிப்புப் பிரிவுக்கு அவள்தான் தலைவி, என்னைவிட இருபது வயது சிறியவள்.

என் மனைவி லிசெட்டுக்கு உடனே போன் செய்தேன். அக்டோபர் என்றேன். "எந்த வருஷம்?" என்றாள் கழுதை.

3 ஏப்ரல் 2022

லிசெட் அவள் ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. கட்டிலில் அவள் பக்கத்தில் இப்போது சலவைத் துணிகள் படுத்துக்கொள்கின்றன.

டாக்டர் சொன்னதை இதில் இதுவரை நான் எழுதவில்லை. எழுதினால் உறுதியாகிவிடும் என்றா? அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை. கறை மெல்லப் பெருகும், நிறுத்த வழியில்லை. முழுக் குருடு ஆகாது, ஆனால் நேராக எதைப் பார்த்தாலும் அது மறைந்துபோகும் — எழுத்து, ஊசி, முகம். இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று.

நாட்டின் கிழக்குக் கோடியில், ஷெடிகாம்ப்பில் அவள் அப்பாவின் வீடு கடலைப் பார்த்துச் சும்மா கிடந்தது. "அந்த வீட்டுல கண்ண மூடிட்டே நடப்பேன். இப்பவே போய்ப் பழகிக்கறேன்," என்று ஜனவரியில் கிளம்பினாள். அவள் தங்கை ஒடில் நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். விமான நிலையத்தில் என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சீக்கிரம் வந்துடு. பெரிய அழகான மூஞ்சி ஒண்ணும் இல்ல. இருந்தாலும் இருக்கறவரைக்கும் பாத்துக்கறேன்."

30 ஆகஸ்ட் 2022

அக்டோபர் இல்லையாம். ஏப்ரலாம்.

டார்லீன் பலகையில் படம் போட்டு விளக்கினாள். ஜெட்டுக்குப் பதிலாக நாங்கள் வாங்கப்போகும் இரண்டு காற்றாடி விமானங்களும் பழசுதான், பூமிக்கு அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு தீவு நாட்டுக் கம்பெனி ஓட்டிக்கொண்டிருப்பவை. அவர்களுக்குப் புதிது வந்தால்தான் பழசை விடுவார்கள். புதிது செய்கிற தொழிற்சாலையில் உதிரிபாகம் வரவில்லை. வரிசையில் ஒருவன் எழுந்தால்தான் அடுத்தவன் உட்கார முடியும். கடைசியில் நிற்பவன் நான்.

நான் ஒரு தடவைகூடப் பார்க்காத தொழிற்சாலையில் யாரோ ஒரு திருகாணிக்காகக் காத்திருக்கிறான். அதற்காக என் மனைவி என் முகத்தை மறந்துகொண்டிருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

31 ஆகஸ்ட் 2022

லிசெட்டிடம் சொன்னேன். "சரி," என்றாள். அந்த ஒரு சொல்தான். திட்டியிருக்கலாம்.

27 டிசம்பர் 2022, ஷெடிகாம்ப்

ஐந்து நாள் விடுப்பு. அதில் இரண்டு நாள் வழியிலேயே போயிற்று.

அவள் கோப்பைக்குள் ஒரு விரலை வளைத்து வைத்துக்கொண்டு தேநீர் ஊற்றுகிறாள். சூடு விரலில் பட்டதும் நிறுத்துகிறாள். நான் கெட்டிலை வாங்கப் போனேன். "கைய எடு," என்றாள், "நீ மூணு நாள்ல போயிடுவ. அப்புறம் யார் ஊத்துவா?"

அவள் சுட்ட கறி அடை நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல். சொல்லவில்லை.

19 பிப்ரவரி 2023

மைனஸ் நாற்பத்து நான்கு. இன்ஜினுக்கு மூன்று மணி நேரம் சூடேற்றினோம். ஒன்பது நாளாகப் புயலில் அடைபட்டிருந்த ஊருக்கு ஜெட் இன்று போய் வந்தது: பால் பவுடர், டயாலிசிஸ் பை, நான்கு பனிவண்டி, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் பிள்ளைகள். ஒரு கோளாறுகூட இல்லாமல் இறங்கி ஏறியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஜெட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்ற என் முதுகில் சாமான் ஏற்றுகிற அல்ஃபோன்ஸ் ஒரு தட்டுத் தட்டினான். இந்த ஊர் டெனே பழங்குடி ஆள், முப்பது வருடப் பழக்கம். "டேய் கிழவா, உன் பொண்டாட்டிக்கு இதப் பத்தித் தெரியுமா? இந்தத் தடவு தடவற."

"தெரியும். இது என் சின்ன வீடுன்னு அவதான் முதல்ல சொன்னா," என்றேன்.

11 ஏப்ரல் 2023

அக்டோபராம்.

6 ஜூன் 2023

ஃப்ளோரிடாவிலிருந்து ப்ரூயிட் என்று ஒருவர் வந்திருந்தார். பழைய விமானங்களை வாங்கி விற்கிறவர். கொசுவுக்கு முகவலை மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஜெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பதிவேடுகளை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். 1980-ல் மாட்டிய ஒரு பாகத்துக்குக்கூடத் தாள் இருப்பதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இதப் பறக்கவா வாங்குறீங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, பிரிக்கத்தான். இன்ஜின் ரெண்டு, முன் சக்கரத்துல கல்லு தடுக்கற தட்டு, கதவு, கியர். முழுசா நிக்கறதவிடத் துண்டா போனா வேற எத்தனையோ பறக்கும். இவ்வளவு சுத்தமா வச்சிருக்கற ஆள நான் பாத்ததில்ல. எப்ப குடுப்பாங்க?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. முப்பது வருடம் நான் பார்த்துப் பார்த்து வைத்ததை அறுக்க வந்த மனிதர். எப்போது அறுப்பார் என்று நாள் எண்ணுகிறேன். என்ன ஜென்மம் நான்?

22 செப்டம்பர் 2023

வசந்தம் வரைக்கும் தள்ளிப்போட்டாயிற்று. டார்லீன் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். ப்ரூயிட் காத்திருக்கிறாராம். அவருக்கு என்ன, காத்திருப்பார்.

லிசெட் போனில் நல்ல குஷியாக இருந்தாள். ரேடியோவில் கதை கேட்கிறாளாம், ஒடில் நண்டு கொண்டுவந்தாளாம். பேச்சை முடிக்கும்போது, "உனக்கு மீசை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். நான் மீசையை எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

26 டிசம்பர் 2023

இந்த வருடம் போக முடியவில்லை. இடது இன்ஜினில் எண்ணெய் கசிவு. கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை.

போயிருக்கலாம். இரண்டு நாள் விமானம் நின்றால் உலகம் கவிழ்ந்துவிடுமா? ஆனால் நிறுத்தச் சொல்லி நான் வாய் திறக்கவில்லை. அதுதான் உண்மை.

13 பிப்ரவரி 2024

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

பெரிய சோதனை நடக்கிறது. பின் கழிப்பறைக்குக் கீழே தரைப்பலகையைத் தூக்கினோம். நாற்பத்தைந்து வருடக் காப்பியும் கழிப்பறைத் தண்ணீரும் ஒழுகி இறங்கிய இடம். குறுக்கு விட்டத்தில் அரிப்பு. வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது, உள்ளங்கை அகலம். பார்த்த உடனே என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை.

ஜனவரிக் கூட்டத்திலேயே டார்லீன் சொல்லியிருந்தாள்: விட்டம் மாற்றுகிற அளவுக்கு வேலை வந்தால் செய்யப்போவதில்லை, அன்றே ப்ரூயிட்டைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். புத்தகத்தில் எல்லை பதினெட்டு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினெட்டு. அதற்கு மேல் ஆழமாகத் தின்றிருந்தால் விட்டம் போச்சு.

சுரண்டி, தேய்த்து, சுத்தமான உலோகம் வருகிற வரை எடுத்தேன். ஆழம் அளக்கிற கேஜை வைத்தேன். பதினேழு.

மறுபடி வைத்தேன். பதினேழு. இடம் மாற்றி வைத்தேன். பதினாறரை. பதினேழு. கேஜைச் சரிபார்த்துவிட்டு மறுபடி. ஆறு தடவை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தரைக்கடியில் குப்புறப் படுத்திருக்கிறேன், பேனா கையில், தாள் முகத்துக்கு எதிரே. பத்தொன்பது என்று எழுதினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் பொய்கூட இல்லை, பத்தொன்பதே ஆகிவிடும். யாருக்கு என்ன கெடுதல்? பழுதான ஒன்றை நல்லது என்று எழுதினால்தான் ஆள் சாவான். நல்லதைப் பழுது என்று எழுதினால் யார் சாகப்போகிறார்கள்? ஒரு மாதத்தில் அவள் பக்கத்தில் இருப்பேன். என்னைப் பாக்கட்டுமே. மீசை இல்லாத மூஞ்சிய ஒரு தடவ பாக்கட்டுமே. இதுகூடவா எனக்குக் குடுத்து வைக்கல?

தேய்க்கிற தாளை மறுபடி கையில் எடுத்தும்விட்டேன்.

கீழே வைத்தேன். பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்தில் கேஜ் காட்டாத எண்ணை எழுதியதில்லை, கை அதற்குப் பழகவில்லை. பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருக்கை, குழாய் எல்லாம் கழற்றிய வெறும் கழிப்பறை.

15 பிப்ரவரி 2024

டார்லீன் கேக்கோடு வந்தாள். "ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்னு சொல்றாங்க. இனி அந்தத் தீவுக்காரங்கள நம்பி உக்காந்திருக்க வேண்டாம். நீங்க இருப்பீங்கல்ல?"

என் துண்டை அல்ஃபோன்ஸ் பக்கம் தள்ளிவிட்டேன்.

16 பிப்ரவரி 2024

லிசெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேஜ், பதினேழு, தேய்க்கிற தாள், எல்லாம்.

"பத்தொம்பதுன்னு எழுதிட்டு வந்திருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பேன்," என்றாள்.

"தெரியும்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். அது போனாத்தான் நீ வரணும்னு யார் சொன்னா?"

ஊர்கள், பால் பவுடர், டயாலிசிஸ் பை என்று ஆரம்பித்தேன். முடிக்கவிட்டாள், குறுக்கே பேசவில்லை. கேட்டுவிட்டு, "நான் கேட்டது அது இல்ல, ஒரெஸ்ட். யார் சொன்னா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. டார்லீன் "அதோட உங்களுக்கும் விடுதலை" என்றாள், நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். நான் இல்லாமல் ஓடாது என்கிற நினைப்பு எனக்கு இனித்தது. அங்கே போனால் நான் யார்? தேநீர்கூட ஊற்றவிடாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற கிழவன். அந்தப் பயத்துக்கு விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன். இனி அடிக்கமாட்டேன்.

4 மார்ச் 2024

ராஜினாமா கொடுத்தேன். ஏப்ரல் முடிய இருப்பேன்.

"உங்களுக்குப் பதிலா யார வச்சு ஓட்டறது?" என்றாள் டார்லீன்.

"தெரியல."

"இன்னும் மூணே மாசம், ஒரெஸ்ட்."

"ரெண்டு வருஷமா அதத்தான் குடுத்துட்டு இருக்கேன்," என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து வந்து கை கொடுத்தாள்.

30 ஏப்ரல் 2024

கடைசி நாள். வேன் நிரம்பிவிட்டது. அல்ஃபோன்ஸ் காய வைத்த காரிபூ மான் கறி ஒரு பை கொடுத்தான். "வழியில தூக்கம் வந்தா மெல்லு. ரொம்பத் தூக்கம் வந்தா நிறுத்து, ஹீரோவாகாத."

ஜெட் வடக்கே போயிருந்தது. திரும்பி வருகிற வரை நிற்கவில்லை.

9 மே 2024, ஷெடிகாம்ப்

எட்டு நாள் ஓட்டினேன். வாசலில் நின்றாள். என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள், தோளைத் தடவினாள், "இளைச்சுட்ட," என்றாள்.

ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்கு அப்பால், வேலியைப் பார்த்துப் பேசினாள். நான் நகர்ந்து அவள் பார்வைக்கு நேரே வந்து நின்றேன். அவள் கண் மறுபடி விலகிப் போயிற்று. தாமதமாக வந்துவிட்டேன்.

21 மே 2024

நான் கதவுக்கு எண்ணெய் போட்டேன். படியில் கைப்பிடி அடித்தேன். அவள் நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள். என் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. ஒருவேளை கோபமோ? உரிமை இருக்கிறது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

30 மே 2024

அல்ஃபோன்ஸ் போன் செய்தான்.

ஜெட்டை விற்றுவிட்டார்கள். நான் கிளம்பிய மூன்றாவது வாரம். உரிமம் உள்ள ஆள் எங்கேயும் கிடைக்கவில்லையாம். டார்லீன் எட்மன்டனில் ஒரு கம்பெனியிடம் காற்றாடி விமானம் ஒன்றை ஆட்களோடு வாடகைக்குப் பேசினாள். பத்தே நாளில் வந்துவிட்டது. அது சரளைக்கல்லிலும் இறங்குகிறது. ப்ரூயிட்டின் விமானிகள் வந்து ஜெட்டைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"ஊர்களுக்கு சாமான்?" என்று கேட்டேன்.

"ஒரு நாள்கூட நிக்கல," என்றான். கொஞ்சம் பொறுத்து, "கிழவா, நீ இருந்த வரைக்கும் அவங்க வேற வழியே தேடல. அவ்வளவுதான்," என்றான்.

அப்படியென்றால் அந்த முதல் ஆகஸ்டிலேயே நான் எழுந்திருந்தால், செப்டம்பரில் அது போயிருக்கும். நான் போகட்டும் என்று அது நின்றது. அது போகட்டும் என்று நான் நின்றேன். அப்போது அவளுக்கு என் முகம் முழுதாகத் தெரிந்தது.

2 ஜூன் 2024

மூன்று நாள் மறைத்தேன். இன்று காலை மேசையில் சொல்லிவிட்டேன். எட்மன்டன், பத்து நாள், ஒரு நாள்கூட நிற்காத சாமான். "ரெண்டு வருஷத்த நான்தான் வீணாக்கிட்டேன், லிசெட்," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் பக்கம், கடல் பக்கம். இத்தனை நாள் இருந்த கோபம் இதுதான் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போகலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன்.

"எங்க போற? உக்காரு," என்றாள், இன்னும் கடலைப் பார்த்தபடியே. "நேரா பாத்தா நீ இருக்கற எடத்துல ஓட்டைதான் இருக்கு. இப்படித் திரும்பினாத்தான் ஓரத்துல நீ வர்ற. ஒடில் கத்துக்குடுத்தா. நீ என்னடான்னா வந்த நாள்லருந்து எனக்கு நேரா நேரா வந்து நின்னு மறைஞ்சு போற."

உட்கார்ந்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத. அசையாம இரு." தலையைக் கடல் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். "ஆங். மீசை இல்ல."