நடுவில் நின்றவர்

1931 பிப்ரவரி 3
இஸ்ரவேலின் ஸ்டூடியோவில் நானும் இசபெல்லும் படம் எடுத்துக்கொண்டோம். ஒருவர் உட்கார, மற்றவர் நிற்பதுதான் முறையாம். இருவரும் உட்காருவோம் என்றேன். அவனிடம் நாற்காலி ஒன்றுதான். முடிவெட்டும் கடையிலிருந்து இன்னொன்று வந்தது. இசபெல் கைமேல் என் கையை வைத்தேன்.
"ஏட்டி, ஆளு பாக்கான்," என்றாள்.
அவன் வேலையே அதுதானே.

பிப்ரவரி 12
கோட்டாறு சாலையில், ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் எங்கள் படம். நான்தான் சம்மதித்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு இருபத்திரண்டு வருடம் நானும் இசபெல்லும் ஒரே வீடு, ஒரே கட்டில். ஊருக்கு அவள் 'துணைக்கு இருக்கிற லேஸ் பின்னல் டீச்சர்'. சாகும்முன் ஒருமுறையாவது பஜாரில் சரியாகத் தெரியட்டும்.
இசபெல் அந்த வழியாக மூன்றுமுறை மீன் வாங்கப் போனாள். வீட்டில் மூன்று சட்டி மீன்.

பிப்ரவரி 20
மாதா கோவில் உபதேசியார் வந்தார். "ரெண்டு பொம்பளைக மட்டும் இருந்தா கல்யாணப் படம் மாதிரில்லா தெரியுது. நடுவுல ஒரு ஆம்பளை வேண்டாமாம்மா?"
"யாரை?"
"ஒங்க வீட்டுக்கார சாரைத்தான்."
"அவரு செத்துட்டாரே."
"அதுக்கென்ன, இஸ்ரவேலு வரைஞ்சிருவான்."
இல்லையென்றால் படத்தை இறக்கவேண்டுமாம்.

மார்ச் 2
வரைந்துவிட்டான். அவருக்குப் படமே கிடையாது என்பதால் மீசை அஞ்சல் மாஸ்டருடையது. உயரம் ஆறடி. உயிரோடிருந்தபோது என் தோள்வரைதான். போன இடத்தில் வளர்ந்திருக்கிறார்.
எங்கள் கைகளின்மேல் ஒரு தொப்பியை வரைந்திருக்கிறான். அவர் தொப்பி போட்டதே இல்லை.
"சாரு நல்லாயிருக்காரு," என்று உபதேசியார் படத்தைக் கும்பிட்டார்.
இசபெல் சாப்பிடவில்லை. "என் கை எங்கட்டி போச்சு?"
நான் அழுகிறவள் இல்லை— அழுதுவிட்டேன்.

மார்ச் 3
இஸ்ரவேல் பூசிய சாயத்தில் கோந்து அதிகம்; அது வெயிலில் பொருக்காக உதிரும். கான்வென்டில் சித்திரம் சொல்லித்தந்த மதர் இதைப் பிரம்பால் எனக்குப் புரியவைத்தார்.
இஸ்ரவேலிடம் போய், சார் நிழலில் சரியாகத் தெரியவில்லை, பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டு என்றேன். உபதேசியாருக்கும் மெத்த சந்தோஷம்.

மார்ச் 29
மீசை போயிற்று.

ஏப்ரல் 19
ஆளே போய்விட்டார். தொப்பி மட்டும் அசையவில்லை. என்றைக்கும் பிடிவாதக்காரர்.

மே 11
மீன் வாங்கப்போன இசபெல் வெறுங்கூடையோடு ஓடிவந்தாள். முட்டுவலிக்காரி.
"தொப்பியும் போச்சுட்டி. வா."
போனோம். எங்கள் கைகள் இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன.
பெட்டிமுன் உபதேசியார் நின்றார். "சாரை எங்கம்மா?"
"காலமாயிட்டாரு," என்றேன்.
சிலுவை போட்டு, எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். வீடுவரை இசபெல் என் கையை விடவில்லை. சாலையில் ஆட்கள் பார்த்தார்கள்.