கோல்கீப்பர் வராத ஆட்டம்

டிசம்பர் 29, திங்கள்

காலையில் கடும் பனி. வளவனூர் தாண்டுவதற்குள் ஸ்கூட்டி கண்ணாடி முழுக்க ஈரம். கர்ப்பிணிகள் நாள். கூட்டம். இரும்புச்சத்து மாத்திரை தீரப் போகிறது, கேட்டு எழுத வேண்டும்.

மதியம் சாப்பிடும்போது ஒரு போன். விழுப்புரத்தில் நான் படித்த கல்லூரியின் பி.டி. விளையாட்டு ஆசிரியர். பெயர் ரகு. சின்ன வயதுக் குரல்.

"மேடம், நம்ம காலேஜ் புட்பால் டீம் பத்தி ஒரு மலர் போடறோம். பத்தாம் தேதி பழைய பிளேயருங்க எல்லாம் வர்றாங்க. நீங்க லேடீஸ் டீம்ல ஆடுனீங்கன்னு பழைய ரிஜிஸ்டர்ல இருக்கு."

ஆமாம் என்றேன். முப்பத்திரண்டு வருடம். சுகாதார நிலையத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் இவருக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

மலரின் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாராம். தப்பு இருந்தால் திருத்த வேண்டுமாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

பக்கங்கள் வந்தன. பன்னிரண்டு பக்கம் ஆண்கள் அணி. கேப்டன்கள், கோப்பைகள், யார் ரயில்வேயில் சேர்ந்தார்கள், யார் போலீஸ் டீமுக்குப் போனார்கள். கடைசியில் எங்களுக்கு ஒரு வரி:

"போதிய ஆர்வம் இன்மையால் மகளிர் அணி இரண்டே ஆண்டுகளில் கலைக்கப்பட்டது."

மூன்று முறை படித்தேன். சாம்பாருக்குப் புளி கரைத்து வைத்ததை மறந்து, புளி இல்லாமலே இறக்கிவிட்டேன்.

மலரில் விட்டுப்போன வழக்கங்கள் (ரகு சாருக்குச் சொல்ல):

- பொங்கல் லீவுக்கு முந்தின சனிக்கிழமை திண்டிவனத்துக் கல்லூரியோடு ஆட்டம். ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே.
- தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஒரு கட்டு கரும்பு.
- இடைவேளையில் மற்ற கல்லூரிகளுக்கு ஆரஞ்சுச் சுளை. நமக்கு அவித்த மல்லாட்டையும் (வேர்க்கடலை) வெல்லமும்.
- திண்டிவனத்தில் தோற்றால் திரும்பும்போது பஸ்ஸில் உட்காரக் கூடாது. இடம் இருந்தாலும் விழுப்புரம் வரை நின்றுகொண்டே. கண்டக்டர்களுக்குப் பழக்கம். "இன்னிக்கு எத்தினி கோல்?" என்று கேட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார்கள்.

இதெல்லாம் பெண்கள் அணிக்கும்தான்.

ஜனவரி 1, வியாழன்

லீவு. கேசரி. அடி பிடித்துவிட்டது. மகள் சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தாள், பத்து நிமிடம்.

பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துக்கொண்டு.

பெண்களுக்கு அப்போது வளையப்பந்து மட்டும். ஒரு நாள் எங்களோடு ஆடிய வசந்தி ஒரு பாயிண்ட் தகராறில் கோபம் வந்து வளையத்தைக் காலால் உதைத்தாள். பையன்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின் நடுவில் போய் விழுந்தது. அப்போதைய பி.டி. அந்தோணி சார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"எந்தக் கால்ல உதைச்ச?"

"இடது கால் சார்."

"நாளைக்கு சாயங்காலம் வா. கூட பத்து பேர இட்டுக்கினு வா."

பத்துப் பேர் சேர்க்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. கடைசி ஆள் நான். எனக்கு ஓட வராது. ஆனால் பந்து முகத்துக்கு நேராக வந்தாலும் கண்ணை மூட மாட்டேன். சார் அதைக் கவனித்துவிட்டு என்னைக் கோலில் நிறுத்தினார்.

சல்வார் பேன்ட்டின் மேல் பையன்களின் பழைய ஜெர்சி. முழங்கால் வரை தொங்கும். இடுப்பில் ஊக்கு குத்திக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் அந்த ஊக்கு எனக்குக் குத்தி, பந்தைப் பிடிப்பதற்குப் பதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து தானாக என் மேல் பட்டு வெளியே போனது. மைதானம் முழுக்கக் கைத்தட்டல். வசந்தி தூரத்திலிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எண்ணெய், வியர்வை, மண் எல்லாம் கலந்த அவள் தலை வாசனை. இன்னும் நினைவு இருக்கிறது.

இதற்குப் பெயர் ஆர்வமின்மையா?

ஜனவரி 2, வெள்ளி

வேலை அதிகம். தடுப்பூசிப் பதிவேட்டை இரண்டு முறை எழுதும்படி ஆகிவிட்டது. கவனம் இல்லை.

நடந்ததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் மூன்றாம் வருடம். திண்டிவனத்து ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளி மாலை அப்பா சொன்னார், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று. எனக்கு மேட்ச் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்பா அடிப்பவர் இல்லை, கத்துபவரும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நான் கேட்கவே இல்லை. வெட்கம். கொஞ்சம் ஆசையும்தான். புதுப் புடவை எடுத்து வைத்திருந்தார்கள்.

எங்கள் டீமில் சாந்தி பக்கத்துத் தெரு. அவளிடம் சொல்லியனுப்பினேன்: காய்ச்சல், வர முடியாது.

பத்துப் பேரோடு ஆடினார்கள். கேப்டன் வசந்தியே கோலில் நின்றாள். நாலு கோல். திரும்பும்போது பத்துப் பேரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்களாம்.

பொங்கல் முடிந்து போனபோது அணி இல்லை. பதினொரு பேர் சேர முடியாத அணிக்கு ஜெர்சி எதற்கு என்று யாரோ மேலே கேட்டார்களாம். அந்தோணி சார் வாதாடிப் பார்த்தார். பிறகு வளையப்பந்து வலையை மறுபடி கட்டினார்கள்.

வசந்தி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மே மாதம் கல்யாணப் பத்திரிகை அனுப்பினேன். வரவில்லை.

அவள் திண்டிவனத்தில்தான் இருக்கிறாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பஸ்ஸிலிருந்து போர்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் இறங்கியதில்லை.

ஜனவரி 3, சனி

காலை ஷிப்ட் முடித்து இவர் சர்க்கரை ஆலையிலிருந்து வந்தார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு மேட்ச் இருந்தது, பொய் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன் என்று.

துண்டால் கை துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு:

"சொல்லியிருந்தா ஒரு வாரம் தள்ளி வந்திருப்போமே. எங்களுக்கு இன்னா அவசரம்? அன்னிக்கு எங்க கொல்லையில மல்லாட்டை பிடுங்க ஆள் வந்திருந்துச்சு. அத வுட்டுட்டுத்தான் வந்தோம்."

முப்பத்திரண்டு வருடமாக நான் கற்பனை செய்த பதில்களில் இது இல்லை.

தட்டுகளை எடுத்தேன். அவரே: "கோல்னா, வலைக்கு முன்னாடி நிப்பாங்களே, அதுவா?"

"ஆமாங்க."

"நீயா?"

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது.

"போய்ப் பாத்துட்டு வா" என்றார். "நாளைக்கு லீவுதானே."

ஜனவரி 4, ஞாயிறு

திண்டிவனம். எட்டேகால் பஸ். ஜன்னல் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். யாரும் கவனிக்கவில்லை. கண்டக்டர் மட்டும், "உக்காரும்மா, இடம் இருக்குதே" என்றார்.

சின்ன அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம். மேசைக்குப் பின்னால் வசந்தி. முடி பாதி நரைத்துவிட்டது. கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் எழுந்து ஓடப் போகிறவள் மாதிரியே இருக்கிறாள், அது மாறவில்லை.

"வாங்க, உக்காருங்க" என்றாள். "கத்துக்கறது உங்களுக்கா, பொண்ணுக்கா?"

"வசந்தி, நான் தனம்."

"தெரியும்."

மேசை மேலிருந்த நோட்டை மூடி வைத்தாள்.

"காய்ச்சல் வுட்டுச்சா?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து போய் எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

ஆட்டத்துக்கு மறுநாள் என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாளாம். காய்ச்சல்காரிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு. தெருமுனையில் ஒரு அம்மா, "நேத்து பொண்ணு பாத்துட்டுப் போனாங்க, புடிச்சிப் போச்சாம், இன்னிக்கு பூ வைக்க வர்றாங்க" என்று சொல்லியிருக்கிறாள். வசந்தி அப்படியே திரும்பிவிட்டாள்.

"ரொட்டிய இன்னா பண்றது? பஸ்ல நானே துன்னுக்கினு வந்தேன். முழு பாக்கெட்டு."

"வசந்தி..."

"நீ வந்திருந்தா மட்டும் ஜெயிச்சிருப்போமா? நாலுக்கு பதிலா ரெண்டு வாங்கியிருப்போம். அதுக்கு எனக்கு கோவம் இல்ல. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொல்லியிருந்தா நானே வந்து தல பின்னி வுட்டுட்டு மேட்ச்சுக்குப் போயிருப்பேன். என்கிட்ட எதுக்குடி பொய்யி?"

அந்த 'டி'யைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் வாசலில் எட்டிப் பார்த்து, "அக்கா, நான் அப்பறம் வர்றேன்" என்று போய்விட்டாள்.

மலரில் இருக்கும் வரியைக் காட்டினேன். அதற்குப் பதிலாக நான் எழுதி எடுத்துப் போயிருந்ததையும் காட்டினேன். 'கோல்கீப்பரான நான் வராததால் அணி கலைந்தது.' கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தாள்.

"ஆர்வம் இல்லன்னு அவங்க போட்டது பொய். உன்னாலன்னு நீ போட்டதும் பொய். ஒரு ஆளு ஒரு நாள் வரலன்னா கலைக்கறதுக்கு இன்னா டீம் அது? பசங்க டீம்ல எத்தினி வாட்டி எட்டு பேரோட ஆடியிருக்காங்க. யாராச்சும் கலைச்சாங்களா?"

பேனாவை எடுத்து என் வரியை அடித்தாள். தலைகீழாக நின்று யோசித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. முப்பத்திரண்டு வருடமாக என் மேல் மட்டுமே பழியைப் போட்டுக்கொண்டு, வேறு பக்கம் பார்க்கவே இல்லை.

"பேருங்கள எழுது. பதினொண்ணு."

இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். எங்களையும் சேர்த்துப் பத்துப் பெயர் உடனே வந்தது. பதினொன்றாவது ரைட் விங், வளவனூர்க்காரி, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பெயர் வரவில்லை. டீ ஆறும் வரை யோசித்தோம். "கலைவாணி" என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

கிளம்பும்போது கேட்டேன், பத்தாம் தேதி வருகிறாயா என்று.

"சனிக்கிழமை கிளாஸ் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

ரகு சாருக்கு அனுப்பியது:

"மகளிர் அணி. கேப்டன் வசந்தி. கோல்கீப்பர் தனலட்சுமி. (மற்ற ஒன்பது பெயர்கள்.) இரண்டு வருடம் ஆடினோம். மூன்று ஆட்டம் ஜெயித்தோம். மேலும் ஆட விரும்பினோம். அணி நிறுத்தப்பட்டது."

அவர் உடனே போன் செய்தார். "மேடம், சாரி. அது பழைய பைல்ல இருந்தத அப்படியே எடுத்துப் போட்டது. நீங்க சொன்ன மாதிரியே போட்டுடறேன். அந்தோணி சார் படம் எதுனா இருக்குதா உங்ககிட்ட?"

இல்லை. அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம். செய்தி கேட்டும் நான் போகவில்லை. அது வேறு.

ஜனவரி 8, வியாழன்

மாத்திரை வந்துவிட்டது. இவர் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்திருக்கிறார். "சும்மா போட்டுக்கினு நில்லு. ஆடணும்னு இல்ல." ஒரு சைஸ் பெரியது. உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 10, சனி

வெயில் நன்றாக. மைதானத்தில் புல்லே இல்லை, அன்றும் இல்லை. பழைய ஆண்கள் தொப்பையோடு நாற்பது பேர். பந்து ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்கள் நானும் சாந்தியும் மட்டும்.

பத்தரைக்குக் கேட் வழியாக ஒரு கார் உள்ளே வந்தது. மேலே பெரிய சிவப்பு 'எல்'. ஓட்டிவந்தது, அன்று வாசலில் எட்டிப் பார்த்த அதே பெண். பக்கத்தில் வசந்தி, கையை ஸ்டியரிங்குக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு. பின் சீட்டில் மூன்று பேர். கதவு திறந்து இறங்கியவர்களில் ஒருத்தி சிரித்தாள். கன்னத்தில் குழி. கலைவாணி.

"கிளாஸ் இருக்குதுன்னு சொன்னேன்ல" என்றாள் வசந்தி. "ஹைவேஸ் பிராக்டிஸ்."

இடைவேளையில் ரகு சார் மைக்கில் எங்கள் பெயர்களைப் படித்தார். பதினொன்றையும். வந்திருந்தது ஆறு பேர். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அந்தப் பெயர்களுக்கும் கைதட்டினார்கள்.

பிறகு பெனால்டி. ஆளுக்கு ஒன்று. நான் கோலில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஞ்சு வைத்த ஷூவோடு. வேலி ஓரத்தில் இவர், கையைக் கட்டிக்கொண்டு.

சாந்தி உதைத்தது பாதி வழியில் நின்றுவிட்டது. கலைவாணி கோல் போட்டாள். மற்ற இரண்டும் வெளியே போயின.

கடைசியாக வசந்தி. செருப்பைக் கழற்றி வைத்தாள். பந்தை வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனாள். இடது கால் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்றும் தெரியும். கண்ணை மூடவில்லை. பந்து வந்து என் முழங்காலில் நேராக மோதி, கம்பத்தில் பட்டு வெளியே போனது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஓடி வந்தாள். நரைத்த தலை, மூச்சிரைப்பு.

"பேஜாரு புடிச்சவளே, இப்ப வந்து புடிக்கற பாரு" என்றாள். கையைக் கொடுத்தாள். எழுந்துகொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

பனி கொஞ்சம் குறைவு. முழங்கால் வீக்கம், ஐஸ் வைத்தும் குறையவில்லை. பஸ்ஸில் வேலைக்கு.

கர்ப்பிணிகள் நாள். முதலில் வந்தது ஐந்து மாதக்காரி, புதுசு. நான் நொண்டி நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கால்ல இன்னா மேடம்?"

"பந்து பட்டுடுச்சு."

"ஐயோ. பேரன் அடிச்சிட்டானா?"

"இல்லம்மா, எங்க கேப்டன்."

எடை மெஷினில் ஏறச் சொன்னேன்.