டெல்மஸ் படகின் பின்பக்கம்

ஸ்காட்ஸ்பரோ, அலபாமா
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள டெல்மஸுக்கு,

ஹாலிஸ் எழுதுகிறேன். இங்கே நானும் ஓப்பலும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி. மற்றபடி குறை ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் உன் மகள் மார்லா போன் செய்தாள். பேசினால் உனக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் போனைக் கையிலேயே வாங்க மாட்டேன் என்கிறாய் என்றாள். நீ முன்பும் ஒன்றும் வாய் ஓயாமல் பேசுகிற ஆளில்லை. ஆகவே நமக்குக் கடிதம்தான் தோது. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறேன், நீ கேட்டுக்கொண்டிரு. படகிலும் அப்படித்தானே இருந்தோம்.

இந்த வருஷம் மழை அதிகம். ஏரி முழுக்கக் கலங்கிக் காப்பி நிறத்தில் கிடக்கிறது. ஆனால் பாலத்துக்கு மேற்கே பாசி நன்றாகப் படர்ந்திருக்கிறது, நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய். தூண்டில் கடையில் இப்போது பீட்சா விற்கிறார்கள். புழு டப்பாவும் பீட்சாவும் ஒரே மேசையில். ஓப்பல் அந்தக் கடைப் பக்கமே வர மாட்டேன் என்கிறாள். உங்கள் அரிசோனாவில் மழை பெய்தால் ஜனங்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்பார்களாமே, நிஜமா?

மார்லா போன் செய்தது உன் படகை விற்றுத் தரச் சொல்லி. அவளைக் குறை சொல்லவில்லை. அப்பாவையும் பார்த்துக்கொண்டு, ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் என் கொட்டகையில் நிற்கிற படகையும் நினைத்துக் கவலைப்பட அவளால் முடியுமா? சரியம்மா என்று சொல்லிவிட்டேன். கடைச் சுவரில் ஒரு விளம்பரமும் ஒட்டினேன்.

முதலில் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து ஒருவன் வந்தான். தொப்பிமேல் ஒரு கறுப்புக் கண்ணாடி, கண்ணில் இன்னொன்று. படகைச் சுற்றிக்கூட வரவில்லை. “என்ன வேகம் போகும்?” என்றான். “காலைல கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள அக்கரைக்குப் போயிடலாம்” என்றேன். போய்விட்டான். அடுத்து ஒரு மாமனாரும் மருமகனும். முன்மேடையை அறுத்தெடுத்துவிட்டு மெத்தை போட்டுக் குடும்பத்தோடு சவாரி போகப் போகிறார்களாம். நான் சாமான் பெட்டியைத் திறந்து காட்டி, “போன வருஷம் இதுக்குள்ள ஒரு தண்ணிப்பாம்பு குட்டி போட்டுச்சு. எல்லாத்தையும் புடிச்சாச்சுன்னுதான் நினைக்கிறேன்” என்றேன். மருமகன் எடுத்து வைத்த காலை அப்படியே பின்னால் வைத்தான்.

ஓப்பல் சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “உனக்கு விக்க மனசில்லேன்னா அந்தப் பொண்ணுகிட்ட நேரா சொல்லு. பாவம், பாம்பு மேல எதுக்குப் பழியப் போடுற?” என்றாள்.

நான் குழாயைப் பிடித்துப் படகைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவக் கழுவ அந்த மீன்பிடிப் போட்டி நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசி நாளுக்கான ஜோடிகளைப் பள்ளிக்கூட ஜிம்மில் வைத்துச் சீட்டெடுத்துப் படித்தார்கள். முன்னால் நின்று படகை ஓட்டுகிறவன் ஒருவன், பின்னால் நிற்கிறவன் ஒருவன். அவரவர் மீன் அவரவருக்கு, ஐந்து மீனின் எடைதான் கணக்கு, முன்னவர்களுக்குத் தனிப் பரிசு, பின்னவர்களுக்குத் தனிப் பரிசு. டெல்மஸ் க்ராப்ட்ரீ, ஹாலிஸ் வெதர்ஸ் என்று மைக்கில் சொன்னதும் நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். நீ இரண்டாம் இடத்தில் இருந்தாய். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், பின்னவர்களின் பட்டியலில் நடுவில் எங்கேயோ இருந்தேன். “முன்னாடி வராதே. என் நூல் மேல உன் நூலப் போடாதே. வாழைப்பழம் படகுக்குள்ள வரக் கூடாது, மீன் ராசி போயிடும்” என்றாய். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் பையைத் திறந்தால், ஓப்பல் மூன்று வாழைப்பழம் வைத்திருக்கிறாள்! படகு இறக்கும் சரிவில் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று மூன்றையும் விழுங்கினேன். இது உனக்கு இதுவரை தெரியாது. இப்போது சிரிக்காதே, மூச்சு வாங்கும்.

பின்னால் நிற்பது கடைசிப் பந்தியில் உட்காருவது மாதிரி. முன்னவன் அலசிவிட்டுப் போன தண்ணீர்தான் நமக்கு. ஒரு புகாரும் சொல்லாமல் நீ மிச்சம் வைத்ததிலெல்லாம் வீசிக்கொண்டு வந்தேன். மதியத்துக்குள் உன் தொட்டியில் நான்கு நல்ல மீன். ஐந்தாவதாக ஒரு பெரியது கிடைத்தால் கோப்பை உனக்குத்தான் என்று இருவருக்குமே தெரியும். பாலத்தடிக் கற்சரிவுக்குப் பக்கத்தில், பாசிக்கு நடுவே இருந்த ஒரு பள்ளத்தில் திரும்பத் திரும்ப வீசினாய். ஒன்றுமில்லை. மோட்டாரைத் திருப்பினாய். படகு நகர்ந்தது. நான் சும்மா, கைக்கெட்டிய இடம் என்று, அதே பள்ளத்தில் என் ரப்பர் புழுவை இறக்கினேன்.

நூல் பக்கவாட்டில் நடந்தது. இழுத்தேன். அவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து தலையை உதறினாள். அப்படியொரு பாஸ் மீனை அதற்கு முன் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீ திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு நொடி உன் முகத்தில் ஒன்று வந்து போயிற்று. அதற்குள் உன் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கைவலையோடு பின்னால் ஓடி வந்தாய். “இழுக்காதே! விடு, விடு, அவ ஓடட்டும்! கோலத் தண்ணிக்குள்ள குத்துடா!”

அவள் படகுக்கு அடியில் புகுந்து நூலை எஞ்சின் விசிறியில் சுற்றிவிட்டாள். நீ குப்புறப் படுத்து, தோள்வரை அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டு, விரலால் துழாவி நூலை விடுவித்தாய். விரல் கொஞ்சம் தவறியிருந்தால் போதும், நூல் அறுந்திருக்கும். யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். நானே கேட்டிருக்க மாட்டேன். மற்றக் கையால் வலையை இறக்கி அவளைத் தூக்கினாய். உன் ராசித் தொப்பி தண்ணீரில் விழுந்து மிதந்து போயிற்று. அதை எடுக்க நமக்கு நேரமில்லை, எடைமேடைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

ஜார்ஜியாக்காரன் ஒருவன் உன்னை ஒரு பவுண்டுகூட இல்லாத வித்தியாசத்தில் முந்தினான். பின்னவர்களில் முதல் பரிசு எனக்கு. ஜெயித்திருந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம், டயர் தொழிற்சாலை வேலையை விட்டுவிடலாம் என்று நீயும் உன் ஐனாவும் பேசி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் கையில் கோப்பையோடு உன்னைத் தேடி வந்தேன். நீ லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, பேனாக்கத்தியால் டின்னிலிருந்து சாஸேஜைக் குத்தித் தின்றுகொண்டிருந்தாய். “அது உன் மீன்” என்றேன். “உன் நூல்ல வந்தா உன் மீன். என் படகுகிட்ட வந்த மீன நான் விடறதில்ல, அவ்ளோதான். ஒண்ணு திங்கறியா?” என்றாய். அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. “பின்னாடி இடம் காலியா இருக்கு.” வேறு ஒரு வார்த்தை இல்லை.

நீ ஓய்வு பெறும்வரை அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போனாய். அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. ஐனா இருந்தபோது ஒருமுறை, பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? நல்ல ஆளா ஒருத்தன் கிடைச்சான்னார். தோத்துப்போனத மறுநாள்தான் சொன்னார்.” அவள் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். பெயர் ரமோனா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். சில வருஷமாகப் போட்டிகளில் பின்னால் நின்று மீன் பிடிக்கிறாளாம், சொந்தப் படகு வாங்குவது இதுதான் முதல் தடவை. எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. நேராகப் பின்மேடையில் ஏறினாள். என் கால் தேய்த்துத் தேய்த்துக் கம்பளம் வழுக்கையாகிப் போன இடத்தில் நின்று, வெறுங்கையை வீசிப் பார்த்தாள்.

“மிஸ்டர் ஹாலிஸ், இங்க நின்னவர் மேல படகுக்காரருக்கு ரொம்பப் பிரியமோ?” என்றாள். ஏன் என்றேன். “நடு இருக்கைய முன்னாடி தள்ளி மாட்டியிருக்கார் பாருங்க. பழைய ஓட்டைய அடைச்ச தடம் தெரியுது. பின்னாடி இவ்ளோ இடம் யாரும் விட மாட்டாங்க. அவருக்குத்தான் முட்டி இடிச்சிருக்கும்.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். நான்கு ஓட்டை, பிசின் வைத்து அடைத்து, மேலே சாயம் பூசியிருக்கிறது. எப்போது செய்தாய், டெல்மஸ்? இத்தனை வருஷம் அதே இடத்தில் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே. அவளிடம் என்னால் பாம்புக் கதை சொல்ல முடியவில்லை. படகுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “அவசரமில்ல, நான் காத்திருக்கேன்” என்றாள். நல்ல பெண். படகு அவளிடம் போனால் எனக்கு வருத்தமிருக்காது.

ஆனால் மார்லா சொன்னது போதாது. விற்கலாம் என்பதை நீதான் எழுத வேண்டும், உன் கையால். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், உன் கிறுக்கல் எனக்குப் புரியும். ஏப்ரலில் மீன் கரையோரம் வந்துவிடும். அதற்கு முன் எழுது என்று சொல்லமாட்டேன். இந்த ஏப்ரல் போனால் அடுத்த ஏப்ரல். நன்றாக யோசித்து, ஓய்வெடுத்து, மெதுவாக எழுது. எத்தனை காலம் எடுத்துக்கொண்டாலும் சரி. கடவுள் உனக்கு மூச்சைத் தாராளமாகக் கொடுக்கட்டும்.

என்றும் உன் படகின் பின்பக்கத்து ஆள்,
ஹாலிஸ்