எனக்குச் சம்பந்தமில்லாத பூனை

அக்டோபர் 9, வியாழன்.

காலையிலிருந்து மழை. கொடியில் துணி காயவில்லை. ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: செந்துளுவன் வாழைக்குலை (வெட்டியாயிற்று, நல்ல குலை, கொஞ்சம் கர்வம்), சேனைக்கிழங்கு, தேங்காய், நாட்டுக்கோழி முட்டை. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மறக்கக் கூடாது.

பூனை விடிந்தது முதல் ஒரே கத்தல். பால் வைத்தேன், கத்தியது. மீன் வைத்தேன், தின்றுவிட்டுக் கத்தியது. குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே ஓலம், உள்ளே எனக்கு ஏதோ ஆபத்து என்பதுபோல். அதற்கு வேண்டியது தீனி அல்ல. யாராவது அதன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்தில் முன்வரிசையில் இப்படிச் சில மாணவிகள் உண்டு. அவர்களைப் பார்க்காமலே பாடத்தை முடித்திருக்கிறேன். இதனிடம் அது நடப்பதில்லை. "ஏட்டி, வாயை மூடு" என்றேன். உடனே மூடியது. நான் பேசிவிட்ட மகிழ்ச்சியில் மறுபடி திறந்தது.

பெயர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டார் மஸ்கட் போனபோது விட்டுச் சென்றது. பெயர் வைத்தால் பொறுப்பு வந்துவிடும். ஆனால் இரண்டு ஆண்டுகளாக என் கால்மாட்டில்தான் தூங்குகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி.

தூறல். மாலையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம், என் வீட்டு முறை. அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல், சுக்குக் காப்பி. சர்க்கரை குறைவு என்று ஒருத்தி. சர்க்கரை நோய்க்காரி அவள்.

கூட்டத்துக்கு முன்பே பூனையைப் பின்னறையில் பூட்டினேன். செயலாளர் தங்கபாய் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். உள்ளிருந்து அலறல். அவர் குரலை உயர்த்தினார், அதுவும் உயர்த்தியது. ஜெபம் வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்தது. அந்த அளவில் நன்மையே.

"டீச்சர், இது யாருக்க பூச்ச? இந்த நெலவிளி நெலவிளிக்குது!"

"பக்கத்து வீட்டுக்காரங்களோடது, தங்கபாய். சும்மா வந்து போகும்."

"வந்து போற பூச்சய உள்ள வச்சுப் பூட்டியா வைப்பாவ?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தம்ளர்களை அடுக்கினேன்.

சொன்னது பொய்யல்ல; பொய்யைவிடச் சாமர்த்தியமான ஒன்று. காரணம் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு தங்கபாயின் நாய் செத்தது. சில வாரங்கள் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வந்த அன்று, எல்லாருக்கும் முன்னால் நான் கேட்டேன்: "நாய்க்குத் துக்கம் கொண்டாடும் அளவுக்கு நமக்கு ஓய்வு இருக்கிறதா?" அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போன கூட்டத்தின் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். அப்படிக் கேட்டவள் ஒரு பூனைக்குச் சாளை மீனில் முள் எடுத்து ஊட்டுகிறாள் என்பது ஊருக்குத் தெரியக் கூடாது.

(தங்கபாய் இனி த. முழுப்பெயர் எழுதும்போதெல்லாம் உறுத்துகிறது.)

அக்டோபர் 12, ஞாயிறு.

எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடக் கூடாது.

ஆராதனை முடிந்து பந்தலில் காணிக்கைப் பொருள்களின் ஏலம். நடத்தியவர் கமிட்டி டேவிட்சன். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் மனிதர் வேறு ஆள். இங்கே விலை பொருளுக்கு அல்ல, காணிக்கைக்கு. ஒரே முட்டையை எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, மறு ஏலம். அவரும் கொடுக்க, இன்னொரு ஏலம். தன் பொருளைத் தானே எடுப்பதும் வழக்கந்தான். என் வாழைக்குலையை நானே எடுத்தேன். வேறு யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதமில்லை. அதைச் சொல்லிக் கையை உயர்த்த வெட்கமில்லை.

பிறகு பூனை. என் பின்னாலேயே வந்திருக்கிறது. கூட்டத்தில் ஆள் தெரியாமல் கத்திக்கொண்டே வந்து, சேனைக்கிழங்குகளின் மேல் ஏறி நின்று, என்னைக் கண்டுபிடித்து, என்னைப் பார்த்து மட்டும் கத்தியது.

"இன்னா, ஆடு கோழிக்குப் பெறகு பூச்சயும் வந்தாச்சு! யாரு வச்ச காணிக்கை?" என்றார் டேவிட்சன். "டீச்சரே, உங்களத்தான விளிக்குது. உங்களுக்கதா?"

த. திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது எனக்கு.

"எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." சுத்தத் தமிழில் சொன்னேன். தடுமாற்றத்தை மறைக்க வேண்டிய இடங்களில் என் தமிழ் சுத்தமாகிவிடும்.

"அப்ப சபைக்குள்ளது! கேளுங்க, கேளுங்க. எலி பிடிக்கும், பாட்டும் படிக்கும். ஒரு தரம்…"

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். குலசேகரத்திலிருந்து பிறந்த வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்திருந்த லீலா நிஜமாகவே ஏலம் கேட்டாள். ரப்பர் ஷீட் அடுக்கும் அறையில் எலித் தொல்லையாம். எதிர்த்து யாரும் கேட்கவில்லை. ரெண்டு தரம். மூணு தரம். என் மடியில் வாழைக்குலை. கை இரண்டும் அதைப் பிடித்திருந்தன.

பனையோலைக் கடவக் கூடையில் போட்டு, மேலே இன்னொரு கடவத்தைக் கவிழ்த்து, கயிற்றால் கட்டி, ஜீப்பில் ஏற்றினார்கள். ஓலைப் பின்னலுக்குள்ளிருந்து அதே குரல். கூட்டம் கை தட்டியது.

குலையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நானும் கை தட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்.

வெயில். வீடு அமைதி. இத்தனை நாள் நான் வேண்டிய அமைதி இதுதான். நாளிதழை முழுவதும் படித்தேன். நடுப்பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, கால் தானாகவே தாண்டி வைத்தது. தாண்ட எதுவும் இல்லை.

மாத்திரை வாங்கியாயிற்று. வாழைப்பழம் பழுக்கத் தொடங்கிவிட்டது. ஒருத்திக்கு ஒரு முழுக் குலை. முட்டாள்தனம்.

அக்டோபர் 15, புதன்.

மீன்காரி மரியா ஸ்கூட்டியை நிறுத்தினாள். எனக்குக் கொஞ்சம் சாளை எடுத்துப் போட்டுவிட்டு, தனியே ஒரு பொட்டலம் நீட்டினாள்.

"இது எதற்கு?"

"உங்க பூச்சைக்குத்தான். நா என்னைக்கும் தாறதுதான."

"என் பூனை என்று உனக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ரோட்டு வரைக்கும் கேக்கும்லா. நீங்க அதுகிட்ட ஏட்டி ஏட்டிண்ணு மிண்டுறதும் கேக்கும், அது பதில் சொல்லுறதும் கேக்கும். மாமியாரும் மருமவளும் மாதிரி."

ஆக, எல்லாருக்கும் தெரியும். ஞாயிறன்று பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். டேவிட்சன் என்னைக் கேட்டது வேடிக்கைக்கு. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த தேங்காயை எடுத்திருப்பார். ஒரு மறுப்புக்குக் காத்திருந்தவர் யாரும் இல்லை. நானாகவே கொடுத்தேன்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. குளிர்பெட்டியில்.

அக்டோபர் 16, வியாழன்.

குலசேகரம் போய் வந்தேன். தக்கலையில் பேருந்து மாறி, உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் ரப்பர் மரங்களுக்கு மழைப் பிளாஸ்டிக் கட்டியிருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளின் பாவாடைபோல். போகும் வழியில் ஒரு காரணம் தயாரித்தேன்: மிளகுக் கொடி வேண்டும். இந்த வயதில், இந்தப் படிப்பில், இதுதான் தோன்றியது.

லீலா மரியாதைக்காரி. நாற்காலி, கட்டன் காப்பி, ஏத்தங்காய் வறுவல். கொடியை உடனே வெட்டிக் கட்டியும் தந்துவிட்டாள். இனிப் பேசப் பொய் இல்லை.

"அந்தப் பூனை எப்படி இருக்கிறது?"

"அதை ஏன் கேக்கியோ டீச்சர். எலி அதுக்க மேல ஏறி ஓடுது, அது அனங்கல்ல. ரெண்டு நாளு வாசல் கேட்டுக்க கிட்ட நிண்ணு ஒரே நெலவிளி. இப்ப மிண்டாட்டமே இல்ல. சோறும் திங்கல்ல."

ஷீட் அறையில், அடுக்கின் உச்சியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. புகைநாற்றம். "ஏட்டி" என்றேன். காது மட்டும் திரும்பியது. பிறகு காதும் சுவர் பக்கம் போய்விட்டது. வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர், பூச்ச உங்களுக்கதா? அண்ணைக்கு இல்லண்ணு சொன்னியளே?"

"சொன்னேன். பொய் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ஆனா காணிக்கைப் பொருள கைமாத்தாட்டுத் தரப்பிடாது, அம்மை ஏசும். ஞாயிற்றுக்கிழமை சபைக்கே கொண்டு வாறேன். மறு ஏலத்துல எடுத்துக்கிடுங்க."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"ஏலம்ண்ணா பின்ன ரகசியமாட்டா விடுவாவ?"

மிளகுக் கொடிக் கட்டோடு திரும்பினேன். படரவிட என்னிடம் மரம் இல்லை.

அக்டோபர் 18, சனி.

மறுபடி மழை. த. வீட்டுக்குப் போய் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று குடையை எடுத்தேன். அவர் வாசலில் நாய்ச் சங்கிலி இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதை இத்தனை நாள் பார்த்ததில்லை, பார்க்காமல் இருந்திருக்கிறேன். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். செருப்பெல்லாம் சேறு.

நாளைக்கு: சாம்பல் நிறப் புடவை. கண்ணாடி. துணிவு கடையில் கிடைத்தால் அதுவும்.

அக்டோபர் 19, ஞாயிறு.

பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ஆலய முன்றிலில், வேப்ப மரத்தடியில், மீந்த தேங்காய்களும் ஒரு கடவமும். கடவத்திலிருந்து சத்தமே இல்லை.

டேவிட்சன் தொடங்கினார். நான் கையை உயர்த்தினேன். இன்னொரு கை உயர்ந்தது: த.

நான் கூட்டிக் கேட்டேன். அவர் கூட்டிக் கேட்டார். மறுபடி நான். மறுபடி அவர், என்னைப் பார்க்காமலே. ஒரு சின்னப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது.

"டீச்சரே, உங்களுக்குத்தான் இதுல ஒரு சம்பந்தமும் இல்லியே?" என்றார் டேவிட்சன்.

எழுந்து நின்றேன். "இருக்கிறது. அது என் பூனை. போன ஞாயிறு சொன்னது பொய். அதற்கு முன்னால் என் வீட்டுக் கூட்டத்தில் சொன்னதும் அப்படித்தான்."

உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "தங்கபாய், உங்கள் நாய் செத்தபோது நான் பேசியது..." வாக்கியத்தின் பின்பாதியை நன்றாகவே கட்டி வைத்திருந்தேன். வரவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அதில் ஒன்றும் இல்லை.

"டேவிட்சா, நா நிறுத்தியாச்சு. அவியளுக்கே குடு," என்றார் த. பிறகு, யாரிடம் என்றில்லாமல்: "சொல்லட்டும்ண்ணுதான் ஏலம் கேட்டேன்."

இம்முறை யாரும் கை தட்டவில்லை. கடவத்தை நானே தூக்கினேன். கனமில்லை, இளைத்திருக்கிறது.

பிற்பகல். வீட்டில் கயிற்றை அவிழ்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பால்: திரும்பிப் பார்க்கவில்லை. முள் எடுத்த சாளை: இல்லை. "ஏட்டி." இல்லை. நான் கூப்பிட்டதும் வாயைத் திறந்த பிராணி, இப்போது என்னை முன்வரிசை மாணவிபோல் காக்க வைக்கிறது. நியாயந்தான்.

முன்கதவைச் சாத்திவிட்டு (அப்படித்தான் நினைத்தேன்) தரையில் படுத்தேன். முழங்கால் வலி. கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள். என்னால் முடிந்தவரை அதன் குரலில் ஒருமுறை கத்தினேன். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக.

கதவு சாத்தியிருக்கவில்லை. வாசலில் த., கையில் ஒரு தூக்குவாளி மீன்.

"டீச்சரே, இப்ப கத்தினது பூச்சயா?"

"இல்லை, தங்கபாய். நான்தான்."